பட்டா ஒருவர் பெயரில், சாகுபடி இன்னொருவர் கையில்: திருவாரூர் மாவட்டத்தில் விவசாய மானியம் யாருக்குச் சேருகிறது?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் வெண்ணாற்றுப் பாசனத்தில் பதினைந்து மா நிலம் சாகுபடி செய்து வருகிறேன். வெளி மாவட்டத்தாருக்காகச் சொல்வதென்றால் ஏறத்தாழ ஐந்து ஏக்கர். அதில் ஒன்பது மா கோயில் நிலம். என் பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தின் குத்தகையில் இருக்கிறது, ரசீது இன்றும் அவர் பெயரிலேயே போடப்படுகிறது. மீதி ஆறு மா சென்னையில் குடியேறிவிட்ட ஒரு குடும்பத்தின் பட்டா நிலம். அதற்கு எழுத்து எதுவும் கிடையாது; சம்பா அறுவடை முடிந்ததும் மாவுக்கு இரண்டு மூட்டை என்று பேசியபடி அளந்துவிடுவேன். என் பெயரில் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லை.

2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பெய்த பருவம் தவறிய மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிர் தண்ணீரிலேயே முளைத்துவிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அதிகாரிகள் வயலுக்கு வந்தார்கள், நானே வரப்பில் நின்று சர்வே எண்ணைக் காட்டினேன், படமும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆறு மாவுக்கான தொகை, ஏறத்தாழ 16,000 ரூபாய், பட்டாதாரரின் வங்கிக் கணக்குக்குப் போயிற்று. கோயில் நிலத்துக்கு எதுவும் வரவில்லை. பாட்டனார் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதால் அந்தப் பெயரில் கணக்கு எண் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பிஎம் கிசான் தொகையும் எனக்குக் கிடையாது. குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் ஏக்கருக்கு 45 கிலோ யூரியா, 50 கிலோ டிஏபி, 25 கிலோ பொட்டாஷ் முழு மானியத்தில் கொடுத்தபோதும் சிட்டா, அதாவது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்த் துறைச் சான்று, கேட்டார்கள். எங்கள் தெருவில் என்னைப் போலவே குத்தகைக்கு உழுகிறவர்கள்தாம் அதிகம். வயலில் கால் வைக்காதவர்களின் கணக்கில் விவசாய மானியம் ஏறுவதும், நாற்று விட்டு நட்டு அறுத்தவர்கள் வேடிக்கை பார்ப்பதும் எங்கள் ஊரில் மட்டும் நடக்கும் முறைகேடா, அல்லது விதியே அப்படித்தான் இருக்கிறதா? விதி அதுவென்றால், எந்தக் காகிதத்தை வாங்கினால் எந்தத் திட்டத்தில் என்னைப் போன்றவர்கள் நுழைய முடியும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பழைய பசலி (மறுமொழி)

அன்பரே, வருவாய்த் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே குறையாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு திட்டமும் வெவ்வேறு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் அவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பிஎம் கிசான். ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாகத் தரும் இத்திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியபோது இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதே ஆண்டில் எல்லா நில உடைமைக் குடும்பங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆயினும் நில ஆவணத்தில் பெயர் இருப்பதுதான் அடிப்படைத் தகுதி. 1.2.2019 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவரே பயனாளி. அதன் பிறகு கிரயம் வாங்கியவருக்குக்கூட இல்லை, வாரிசு வழியில் வந்தால் மட்டுமே விலக்கு. குத்தகைதாரருக்கு அதில் இடமே வைக்கப்படவில்லை. ஆகவே இது உங்கள் ஊர் அலுவலரின் முறைகேடு இல்லை. திட்டத்தை எழுதியபோதே எடுத்த முடிவு.

அதே வேளையில், உங்கள் நிலத்துப் பட்டாதாரர் அந்தத் தொகையைப் பெறுகிறார் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். வருமான வரி செலுத்துபவர், மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறுபவர், தொழில் நடத்தும் மருத்துவர், வழக்குரைஞர், பொறியாளர் ஆகியோர் விதிப்படி தகுதியற்றவர்கள். நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலமும் விலக்கப்பட்டது. டெல்டாவில் இந்தக் கடைசி விதியின் விளைவு பெரிது. தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டிலுள்ள கோயில்களுக்கு மட்டும் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருப்பதாக அத்துறை சொல்கிறது. ஆதீனங்கள், மடங்கள், அறக்கட்டளைகளின் நிலங்களும் பழைய தஞ்சை மாவட்டத்தில் ஏராளம். அந்த நிலங்களுக்குக் கோயிலுக்கும் பணம் வராது, உழுகிறவருக்கும் வராது. உங்கள் ஒன்பது மாவும் அந்தக் கணக்கில்தான் அடங்குகிறது.

இரண்டாவது நிவாரணம். இதற்கு அடிப்படை பட்டா அன்று, அடங்கல். கிராமக் கணக்கு எண் 2 என்று நாங்கள் சொல்லும் அந்தப் பதிவேட்டில் பசலி ஆண்டுதோறும், அதாவது ஜூலை முதல் ஜூன் வரை, எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, யார் சாகுபடி என்று கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்த்து எழுத வேண்டும். எழுத வேண்டும் என்பது விதி. நடைமுறையில் பட்டாதாரர் பெயரை அப்படியே சாகுபடியாளர் இடத்திலும் ஏற்றிவிடுவதே வழக்கமாகிவிட்டது. ஒரே அலுவலரிடம் இரண்டு மூன்று கிராமங்கள் கூடுதல் பொறுப்பாக இருக்கும்போது வேறென்ன எதிர்பார்க்க முடியும்? 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கியதே, அந்த வேலையை ஏற்கக் கிராம நிர்வாக அலுவலர்கள் தயாராக இல்லை என்பதால்தான். சேதக் கணக்கெடுப்பின்போது வரப்பில் யார் நின்றார் என்பது பட்டியலில் ஏறாது. அடங்கலில் யார் பெயர் இருக்கிறதோ அதுவே ஏறும். நீங்கள் சண்டை போட வேண்டிய இடம் பிப்ரவரி மாதத்து வயல் இல்லை. நடவு முடிந்த கையோடு கிராம நிர்வாக அலுவலரின் மேசை.

மூன்றாவது, உங்கள் கேள்வியின் வேரான குத்தகைப் பதிவு. 1969ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண்மை நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி, வட்டாட்சியர் நிலையிலுள்ள பதிவு அலுவலரிடம் மனுக் கொடுத்து உங்கள் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யக் கோரலாம். நில உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி விசாரணை நடத்துவார்கள். முடிவு பாதகமாக வந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. பெயர் ஏறிவிட்டால், தவறென்று மெய்ப்பிக்கப்படும் வரை அந்தப் பதிவே உண்மை என்று சட்டம் கொள்கிறது. அடங்கல், கூட்டுறவுக் கடன், கொள்முதல் நிலையம் ஆகிய எல்லா இடத்திலும் அது செல்லும். ஆனால் இந்த வழியில் போகிறவர்கள் மிகக் குறைவு. காரணம் ஊரில் இருக்கும் உங்களுக்கே தெரியும்: மனுக் கொடுத்த அன்றே உறவு முறிந்து, அடுத்த சித்திரையில் நிலம் வேறொருவர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம்.

நிலம் விட்டவர் (மறுமொழி)

பழைய பசலி அவர்கள் சொன்ன அச்சத்தின் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நானும் சென்னையில் இருந்துகொண்டு மன்னார்குடிப் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவன்தான். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, குத்தகையைத் தவறாமல் செலுத்தி வருபவரை வெளியேற்ற முடியாது. வழக்கு வருவாய் நீதிமன்றத்துக்குப் போனால் ஒரு தலைமுறை ஓடிவிடும். மகளின் திருமணத்துக்கு விற்க வேண்டுமென்றாலும் குத்தகைதாரருக்குப் பங்கு கொடுத்துத்தான் விற்க வேண்டும் என்பது எங்கள் பகுதியில் எழுதப்படாத நடைமுறை. அப்படி இருக்கும்போது எழுதிக் கொடுக்க எவர் முன்வருவார்? உழைக்கிறவரை ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்தால் நாங்கள் வாய்மொழியாக விடுவதில்லை.

மானியத்தைப் பொறுத்தவரை, நான் ஓய்வூதியம் பெறுபவன் என்பதால் பிஎம் கிசானுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. 2023 நிவாரணம் நான் கேட்காமலே என் கணக்கில் வந்து விழுந்தது. அதில் பாதியைச் சாகுபடி செய்தவருக்கு அனுப்பினேன். அந்த ஆண்டுக் குத்தகை நெல்லும் எனக்கு முழுமையாக வரவில்லை என்பதால் மீதியை வைத்துக்கொண்டேன். இது நியாயமே என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆந்திரத்தில் 2019இல் பயிர்ச் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பதினொரு மாதத்துக்கு ஓர் அட்டை. கடனும் காப்பீடும் நிவாரணமும் உழுகிறவருக்கு, நில உரிமை எவ்விதத்திலும் பாதிக்கப்படாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இங்கும் அப்படி ஒன்று வருமானால் நானே முதலில் கையெழுத்திடுவேன்.

மானாவாரிக்காரன் (மறுமொழி)

நிலம் விட்டவர் அவர்களுக்கு ஒரு சொல். நிவாரணம் என்பது பயிருக்குச் செலவழித்தது போனதற்கான ஈடு. விதையும் உரமும் நடவுக் கூலியும் அவருடையவை என்றால் பாதிக்கு என்ன கணக்கு? குத்தகை நெல் குறைந்தது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விவகாரம். அதை அரசுப் பணத்தில் நேர் செய்துகொள்வது சரியாகப் படவில்லை. ஆந்திரச் சட்டத்திலும், உரிமையாளரின் கையெழுத்து இருந்தால்தான் அட்டை என்ற நிபந்தனையால் ஏராளமான குத்தகைதாரர்கள் வெளியிலேயே நின்றுவிட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நான் கள்ளக்குறிச்சி மாவட்டத்தான். எங்கள் பக்கம் கோயில் நிலமும் குறைவு, குத்தகையும் குறைவு. பெரும்பாலும் இரண்டு மூன்று ஏக்கர் சொந்தப் புன்செய். ஆனாலும் பணம் உரியவரிடம் போய்விடவில்லை. 2020இல் கொரோனா ஊரடங்குக் காலத்தில் பிஎம் கிசானுக்குத் தாங்களாகவே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று வசதி வந்தபோது, கணினி மையங்களும் இடைத்தரகர்களும் துறையின் தற்காலிகப் பணியாளர்கள் சிலரும் சேர்ந்து, நிலமே இல்லாதவர்களையெல்லாம் விவசாயிகளாக ஏற்றினார்கள். ஏறத்தாழ ஐந்தரை லட்சம் தகுதியற்றவர்கள், 110 கோடி ரூபாய் என்று அன்றைய வேளாண் துறைச் செயலரே அறிவித்தார். சிபிசிஐடி விசாரணையும் பணத்தைத் திரும்ப வசூலிக்கும் வேலையும் நடந்தன. பெயர் கொடுத்தவர்களில் பலர் கூலி வேலை செய்யும் பெண்கள். அது ஏதோ கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதார் நகலைக் கொடுத்தவர்கள். தரகருக்குக் கொடுத்த பங்கு போனது போனதுதான். வங்கிக் கணக்கிலிருந்து திரும்பப் பிடிக்கப்பட்டது அவர்களிடமிருந்துதான்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது என்னவென்றால், பொருளோடு ஒட்டி வரும் மானியம் பெரும்பாலும் உழுகிறவர் கைக்கே வந்துவிடுகிறது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறதென்றால், அந்த விலைக் குறைப்பு குத்தகைதாரருக்கும் உண்டு, பட்டாதாரருக்கும் உண்டு. கடைக்காரர் கைரேகைக் கருவியில் விரலை வைக்கச் சொல்வாரே தவிர, சிட்டா கேட்பதில்லை. ஆவணத்தோடு ஒட்டி வரும் மானியம்தான் வழி தவறுகிறது.

இலவச மின்சாரத்தை இந்த இரண்டில் எதில் சேர்ப்பது என்பது எளிதில்லை. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணம் நீக்கப்பட்டது. எங்கள் ஊரில் பத்துக் குதிரைத்திறன் மோட்டாரோடு ஆழ்துளைக் கிணறு வைத்து கரும்பு போடுகிறவர் பெறும் மானியத்தில் ஒரு சிறு பகுதியையும் என் மானாவாரி மக்காச்சோளம் பெறாது. ஆனால் அதை எவரும் மானியம் என்று பெயர் சொல்லி எண்ணிப் பார்ப்பதில்லை, ஏனெனில் அது கணக்கில் வந்து விழுவதில்லை. மானாவாரிக்காரனுக்குக் குறுவைத் தொகுப்பு போன்ற எதுவும் கிடையாது என்பதை டெல்டா நண்பர்கள் மன்னித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடன் தள்ளுபடியிலும் இதே கதைதான். 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்க முடிந்தவருக்குத் தள்ளுபடி. ஆவணம் இல்லாததால் கந்துவட்டிக்கு வாங்கியவருக்கு வட்டி.

வெண்ணாற்றங்கரை

மறுமொழி தந்த அனைவருக்கும் நன்றி. நிலம் விட்டவர் ஐயா அவர்கள் பாதியையாவது அனுப்பினார்கள். எங்கள் பட்டாதாரர் தொலைபேசியை எடுக்கவில்லை. இருந்தாலும் அந்தக் குடும்பத்தின் மீது வழக்குப் போடும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த ஆறு மா கைவிட்டுப் போனால் கோயில் நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு டிராக்டர் வாடகையே கட்டுப்படியாகாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என்று விலை வைத்தார்கள். அதில் 156 ரூபாய் மாநில அரசின் ஊக்கத்தொகை. அங்கும் அடங்கல் கேட்பதால், சென்ற ஆண்டு அந்த ஆறு மா நெல்லை வியாபாரியிடம் குறைந்த விலைக்குத்தான் போட்டேன். அவர் அதே நெல்லை வேறு யாருடைய அடங்கலிலோ கொள்முதல் நிலையத்திலேயே இறக்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வழக்கு இல்லாமல், உரிமையாளரின் கையெழுத்தும் இல்லாமல் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பழைய பசலி

உண்டு. முதலில் கோயில் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் உங்கள் கை வலுவாக இருக்கிறது. பாட்டனாரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு கோயில் செயல் அலுவலரிடம் குத்தகைப் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுங்கள். நிலுவை இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். நிலுவையைக் காட்டித்தான் பெரும்பாலான மனுக்கள் கிடப்பில் போடப்படுகின்றன. ரசீது உங்கள் பெயருக்கு வந்துவிட்டால் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் உங்களைச் சாகுபடியாளராகக் காட்ட மறுப்பதற்குக் காரணம் இருக்காது. அந்த ஒன்பது மாவுக்கு நிவாரணம், கூட்டுறவுக் கடன், கொள்முதல் மூன்றுக்கும் அது போதும். பிஎம் கிசான் மட்டும் அப்போதும் கிடைக்காது.

ஆறு மாவுக்குப் பயிர்க் காப்பீட்டில் தொடங்குங்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் குத்தகைதாரரையும் தெளிவாகச் சேர்த்துக்கொள்கிறது. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான் உங்கள் பங்கு. விதைப்புச் சான்று அல்லது அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் கேட்பார்கள். பதிவு பெரும்பாலும் நவம்பர் நடுவில் முடிந்துவிடும் என்பதால் அக்டோபரிலேயே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துவிட வேண்டும். அதே சர்வே எண்ணைப் பட்டாதாரர் தம் பெயரில் ஏற்கெனவே காப்பீடு செய்திருந்தால் உங்கள் விண்ணப்பம் தள்ளப்படும். அதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இழப்பீடு வரும்போது தெரிந்து பயனில்லை. மேலும் இழப்பீடு உங்கள் ஒரு வயலை வைத்து வராது, வருவாய்க் கிராமம் முழுவதற்குமான அறுவடைப் பரிசோதனையில் கிடைத்த சராசரி மகசூலை வைத்தே வரும். உங்கள் வயல் மட்டும் சேதமாகியிருந்தால், அது திட்டம் ஏற்கும் சேத வகையாக இருந்து, சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் புகார் பதிவு செய்தால்தான் தனியாகப் பார்ப்பார்கள்.

உரம் வாங்கிய பட்டியல், அறுவடை இயந்திர வாடகைச் சீட்டு ஆகியவற்றை உங்கள் பெயரில் வாங்கி, பருவம் வாரியாக வைத்திருங்கள். குத்தகை நெல் அளந்ததற்குக் கைச்சீட்டுத் தர மாட்டார்கள் என்றால், அந்த மதிப்பை நெல்லாகக் கொடுக்காமல் வங்கி வழியாகப் பணமாக அனுப்புங்கள். என்றாவது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனுப் போட நேர்ந்தால், விசாரணையில் பேசப்போவது இந்தத் துண்டுச் சீட்டுகள்தாம். அக்கம்பக்கத்து வாக்குமூலத்தை ஊர்க்காரர்கள் கடைசி நேரத்தில் மாற்றிச் சொல்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 2011இல் வந்த அந்தத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளோடு குத்தகைதாரர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் கல்விக்கும் விபத்து மரணத்துக்கும் உதவி உண்டு, பட்டா கேட்பதில்லை.

விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் பதிவு 2025இல் இங்கு தொடங்கியபோது, அதுவும் பட்டாவோடு ஆதாரை இணைப்பதாகவே அமைந்தது. இனி ஒவ்வொரு திட்டத்துக்கும் அந்த எண்ணைக் கேட்கப் போகிறார்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டியது இதுதான்: குத்தகைச் சாகுபடியாளருக்கு அந்தப் பதிவேட்டில் எந்த ஆவணத்தின் பேரில் எண் வழங்கப்படும்? பத்துப் பேர் தனித்தனி மனுவாகக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.